சீர்திருத்தத்தின் சுமையும் நீதியும்: அரபு நாடுகளில் தனியார்மயமாக்கமும் வேலையின்மையும்

பொருளியலாளர் வழங்கும் சொற்றொடர்களுள் ‘மிகை ஊழியம்’ என்பதும் ஒன்று. ஓர் ஆலைக்கு ஆயிரம் பேர் போதுமாயிருக்க, அங்கு ஆயிரத்து ஐந்நூறு பேர் வேலை செய்வாராயின், எஞ்சிய ஐந்நூறு பேரும் மிகை ஊழியமாவர். கணக்கேட்டில் இச்சொல் ஓர் எண்ணையே குறிக்கின்றது. அவ்வெண்ணைக் குறைத்தல் சிக்கனம் எனவும், குறைக்கத் தயங்குதல் பலவீனம் எனவும் கொள்ளப்படும். ஆயின் அறவியல் நோக்கில் இதே சொல் வேறு வினாக்களை எழுப்புகின்றது. தான் பிறந்த சமுதாயத்திலேயே ஒருவன் ‘மிகை’யாதல் எங்ஙனம்? அவனை மிகையெனத் தீர்மானிப்போர் யாவர்? பலருக்கு நாளை விளையக்கூடிய நன்மையின் பொருட்டுச் சிலர் இன்றே தம் சீவனோபாயத்தை இழக்க வேண்டுமெனக் கூறும் உரிமை எவருக்கு உண்டு?

இவ்வினாக்களைக் கற்பனை உதாரணங்களைக் கொண்டு ஆராய்வதிலும் பார்க்க, ஒரு பிரதேசத்தின் வரலாற்று அநுபவத்தைக் கொண்டு ஆராய்வது கூடிய பயன் தரும். எகிப்து, துனீசியா, அல்ஜீரியா, மொறோக்கோ, ஜோர்தான் முதலிய அரபு நாடுகள் 1980களிலிருந்து மேற்கொண்ட பொருளாதாரச் சீர்திருத்தங்கள் இதற்கு ஏற்ற களமாக அமைகின்றன. அந்நாடுகளில் அரசே பெருந்தொழில் கொள்வோனாக விளங்கியது. அரசே பின்னர் அந்நிலையினின்று விலக முற்பட்டது. கொடுத்த வாக்கும் அதனை மீட்டுக்கொண்ட செயலும் ஒரே தலைமுறையின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தன.

எகிப்தில் 1952ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் ஆட்சியேற்றோர் 1956இல் சுயெஸ் கால்வாயையும், 1961இல் வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், பெருந்தொழிற்சாலைகள் ஆகியவற்றையும் நாட்டுடைமையாக்கினர். பல்கலைக்கழகக் கல்வி இலவசமாயிற்று. 1964ஆம் ஆண்டுச் சட்டமொன்று பட்டதாரிகள் யாவருக்கும் அரச உத்தியோகத்தை உறுதி செய்தது. 1962இல் சுதந்திரமடைந்த அல்ஜீரியா, 1971இல் எண்ணெய், எரிவாயு வளங்களைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்து, அவற்றின் வருவாயைக் கொண்டு பாரிய அரச கூட்டுத்தாபனங்களை அமைத்தது. இவற்றுக்குப் பின்னணியாக எழுதப்படாத உடன்பாடொன்று இருந்தது எனலாம். அரசு வேலையையும் மலிவான பாணையும் வழங்கும்; குடிமக்கள் அரசியலில் மௌனம் சாதிப்பர். இவ்வுடன்பாடு சுதந்திரமானதன்று; ஆயினும் அது பொருளற்றதுமன்று. குடியானவனின் மகன் பொறியியலாளனாகவும், மகள் ஆசிரியையாகவும் உயர்ந்தமை இவ்வுடன்பாட்டின் விளைவே.

இவ்வாக்கு நாளடைவில் உள்ளிருந்தே உக்கத் தொடங்கியது. சனத்தொகை விரைந்து பெருகியது. பட்டதாரிகளின் தொகை அதனினும் விரைந்து பெருகியது. ஒருவர் செய்யும் வேலைக்கு மூவர் அமர்த்தப்பட்டனர். மூவருக்கும் கிடைத்த வேதனம் ஒருவனின் குடும்பத்துக்கே போதாதாயிற்று. எகிப்தில் அரச நியமனத்துக்காகப் பட்டதாரி ஒருவர் காத்திருக்க வேண்டிய காலம் 1990களில் பத்தாண்டுகளையும் தாண்டியது. நட்டமடைந்த ஆலைகளின் நட்டத்தை ஈடுசெய்யக் கடன் பெறப்பட்டது. கடனுக்கு வட்டி செலுத்தவும் கடன் பெறப்பட்டது. 1986இல் எண்ணெய் விலை வீழ்ச்சியுற்றபோது, எண்ணெய் வளமுள்ள நாடுகள் மட்டுமன்றி, அந்நாடுகளுக்குத் தொழிலாளரை அனுப்பி வாழ்ந்த ஏனைய அரபு நாடுகளும் தளர்வுற்றன. எனவே சீர்திருத்தம் வெறும் அந்நியச் சூழ்ச்சி என்று கூறிவிடுதல் பொருந்தாது. பழைய முறை அப்படியே தொடர்ந்திருக்க முடியாது என்பது ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மையாகும்.

மொறோக்கோ 1983இலும், துனீசியா 1986இலும், ஜோர்தான் 1989இலும், எகிப்து 1991இலும், அல்ஜீரியா 1994இலும் சர்வதேச நாணய நிதியத்தின் துணையுடன் அமைப்புச் சீராக்கத் திட்டங்களில் இறங்கின. நாணய மதிப்பிறக்கம், மானியக் குறைப்பு, வர்த்தகத் தளர்வு, அரச நிறுவனங்களை விற்றல் என்பன இத்திட்டங்களின் பொதுக் கூறுகளாம். எகிப்தின் 1991ஆம் ஆண்டு 203ஆம் இலக்கச் சட்டம் 314 அரச கம்பனிகளைத் தனி நிர்வாகத்தின்கீழ்க் கொணர்ந்து விற்பனைக்கு வழிசெய்தது.

தனியார்மயமாக்கம் வேலைவாய்ப்பைப் பாதிக்கும் வழிகள் மூன்றாக வகுத்து நோக்கத்தக்கன. முதலாவது, விற்பனைக்கு முன் நிகழும் ஆட்குறைப்பு. வாங்குவோருக்குக் கவர்ச்சியாக அமையும் பொருட்டு, முன்கூட்டிய ஓய்வு என்ற பெயரில் ஒரு தொகைப் பணம் கொடுத்துத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். இரண்டாவது, விற்பனையின் பின் புதிய உடைமையாளர் மேற்கொள்ளும் ஆட்குறைப்பு. மூன்றாவது, புதிதாக ஆட்சேர்ப்பதை நிறுத்தி விடுதல். முதலிரண்டும் கண்ணுக்குப் புலப்படுவன. எனவே எதிர்ப்பையும் நட்டஈட்டையும் பெறுவன. மூன்றாவதோ எவரையும் வெளியேற்றுவதில்லை. அது கதவை மூடுவதோடு அமைகின்றது. அதனால் இழப்போர் இன்னும் உள்ளே வராதோர்; அவர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை; இழந்ததைக் காட்டும் ஆவணமும் இல்லை. அரபு நாடுகளில் வேலையின்மை இளைஞரிடத்தும், அவருள்ளும் கற்றோரிடத்தும், அவருள்ளும் பெண்களிடத்தும் மிகுந்து காணப்படுவதற்கு இம்மூன்றாவது வழி ஒரு முக்கிய காரணமாகும். எகிப்தில் கற்ற பெண்களுக்கு அரசதுறை வழங்கிய மகப்பேற்று விடுமுறையும் ஒழுங்கான வேலை நேரமும் தனியார் துறையில் அரிதாகவே கிடைத்தன. ஆகவே அரச வாயில் ஒடுங்கியபோது அவர்களுட் பலர் தொழிற்சந்தையிலிருந்தே ஒதுங்கினர். வேலை தேடுவதைக் கைவிட்டவர் வேலையற்றோர் கணக்கில் இடம்பெறார் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. எகிப்தில் 2013இல் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்றாக இருந்த வேலையின்மை வீதம் பின்னர் குறைந்தது; ஆனால் அதே காலத்தில் தொழிற்படையிற் பங்குபற்றுவோரின் வீதமும் குறைந்தது. எண்ணிக்கை இறங்கியதெல்லாம் துன்பம் இறங்கியதாகாது.

காரணங்களைக் கூறுமிடத்து நிதானம் வேண்டும். அல்ஜீரியாவில் 1990களில் அரச நிறுவனங்கள் மூடப்பட்டமையால் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். அத்தசாப்தத்தின் இறுதியில் வேலையற்றோர் தொழிற்படையில் நூற்றுக்கு முப்பதை அண்மினர். ஆயின் அதே பத்தாண்டுகளில் அந்நாடு உள்நாட்டுப் போரினாலும் சிதைந்து கொண்டிருந்தது. 2000களில் எண்ணெய் விலை உயர்ந்தபோது அரச முதலீடு பெருகி, 2010 அளவில் வேலையின்மை நூற்றுக்குப் பத்தளவுக்கு இறங்கியது. எனவே வேலையின்மை முழுவதையும் தனியார்மயமாக்கத்தின் தலையிற் சுமத்துதல் தவறு. சனத்தொகையின் இளமை, எண்ணெய் விலையின் ஏற்ற இறக்கம், போர், தொழிற்சந்தையோடு பொருந்தாத கல்வி ஆகியன யாவும் இதிற் பங்குடையன. தனியார்மயமாக்கத்தின் மீது சுமத்தத்தக்க குற்றம் வேறு: இத்தனை காரணங்களால் வேலை அருகியிருந்த காலத்தில், எஞ்சியிருந்த பாதுகாப்பையும் அது மாற்றொன்று அமையுமுன் அகற்றியது.

இனி, சீர்திருத்தத்தை ஆதரிப்போரின் அறவாதத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைத்தல் வேண்டும். நட்டத்தில் இயங்கும் ஆலை, உழைப்போருக்கு வேதனம் கொடுப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அவ்வேதனத்தைக் கொடுப்போர் வரி செலுத்தும் ஏனையோரே. ஆலைத் தொழிலாளி நாட்டின் மிக வறியவனல்லன். மேல் எகிப்தின் நிலமற்ற கூலியாள் அவனினும் வறியவன். பட்டமோ உத்தியோகமோ அவனுக்கு என்றுமே உறுதி செய்யப்படவில்லை. ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டின்படி, சமத்துவமின்மைகள் மிகக் கீழ்நிலையிலுள்ளோரின் நன்மைக்கு உதவுவனவாயிருந்தாலன்றி ஏற்கத்தக்கனவல்ல. அவ்வாறாயின் அரச உத்தியோகம் என்ற சலுகையைக் காப்பாற்றுவதன் பெயரால் கூலியாளின் பங்கை எடுத்தல் எவ்வாறு நீதியாகும்? இவ்வினாவுக்கு விடை கூறாது தனியார்மயமாக்கத்தைக் கண்டிப்போர், தம் வகுப்பின் நலனையே நீதியென மயங்குவோராவர். பட்டதாரிகளுக்கு இவ்வினா குறிப்பாகக் கசப்பானது.

எனினும் இவ்வாதம் ஒரு நிபந்தனையில் தங்கியுள்ளது. ஆலைத் தொழிலாளியிடமிருந்து எடுக்கப்பட்டது கூலியாளைச் சென்றடைதல் வேண்டும். எகிப்தில் நிகழ்ந்தது யாது? ஆலைகளை விற்கத் தொடங்கிய அதே காலப்பகுதியில், 1992ஆம் ஆண்டு 96ஆம் இலக்கச் சட்டம் குத்தகைக் குடியானவருக்கு நாசர் காலத்தில் வழங்கப்பட்ட பாதுகாப்பை நீக்கியது. 1997இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, குத்தகைகள் சந்தை விலைக்கு உயர, பல குடும்பங்கள் நிலத்தை இழந்தன. வறியவனின் பெயரால் ஆலை விற்கப்பட்டது. வறியவனின் நிலமும் உடன் பறிபோயிற்று. ஆகவே றோல்ஸின் கோட்பாட்டை இச்சீர்திருத்தங்களுக்கு அரணாகக் கொள்வது அரிது.

பொருளியலாளர் பெரும்பாலும் நாடுவது வேறோர் அரண். நிக்கலஸ் கல்டோரும் ஜோன் ஹிக்ஸும் 1939இல் முன்வைத்த கருத்தின்படி, ஒரு மாற்றத்தினால் நயம் பெறுவோர், நட்டமடைவோருக்கு ஈடுசெய்த பின்னும் மிச்சம் பெறக்கூடியவராயின், அம்மாற்றம் விரும்பத்தக்கதே. இங்கே கவனிக்க வேண்டியது, ஈடுசெய்யக்கூடியவராயிருத்தல் போதும். உண்மையில் ஈடுசெய்தல் வேண்டியதில்லை என்பதாகும். செயற்றிறனை அளக்கும் கோலாக இது பயன்படலாம். நீதியை அளக்கும் கோலாக இதனைக் கொள்ளின், கடனைத் தீர்க்கும் ஆற்றல் உடையவன் கடனைத் தீர்த்தவனாகவே கருதப்படுவான். எந்தச் சந்தையிலும் இவ்வழக்கு இல்லை. அரபு நாடுகளின் சீர்திருத்தங்கள் பலவற்றில் நயம் கணக்கிடப்பட்டது. ஈடு பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

நயம் யாரைச் சென்றடைந்தது என்பதற்குத் துனீசியா தக்க உதாரணமாகும். 2011ஆம் ஆண்டுப் புரட்சியின் பின், பதவியிழந்த சனாதிபதி பென் அலியின் குடும்பத்தோடு தொடர்புடைய நிறுவனங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அவற்றுள் 220 நிறுவனங்களைப் பற்றி உலக வங்கி 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனியார் துறையின் மொத்த இலாபத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே சென்றது. வேலைவாய்ப்பில் அவற்றின் பங்கோ நூற்றுக்கு ஒன்றளவே. அரச அனுமதி, இறக்குமதித் தடை, போட்டியினின்று காப்பு ஆகியவற்றால் ஈட்டப்பட்ட இவ்விலாபத்தைச் சந்தையின் விளைவு எனக் கூறவியலாது. அரசின் ஏகபோகம் குடும்பத்தின் ஏகபோகமாக மாறியதே அங்கு நிகழ்ந்தது. சீர்திருத்தத்தை மெச்சிய அதே உலக வங்கியின் ஆய்வே இதனைக் காட்டியமை குறிப்பிடத்தக்கது.

அதே நாட்டின் கஃப்சா பிரதேசத்துப் பொசுபேற்றுக் கம்பனியின் வரலாறு பிரச்சினையின் இரு பக்கங்களையும் காட்டுகின்றது. அரச உடைமையாகவே இருந்த இக்கம்பனியில், சீராக்கத்தின் விளைவாக, 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 14,000ஆக இருந்த ஊழியர் தொகை இருபது ஆண்டுகளிற் சிலவாயிரமாகச் சுருங்கியது. வேறு தொழிலற்ற அப்பிரதேசத்தில், 2008 சனவரியில் சொற்ப வெற்றிடங்களுக்கான தெரிவு முடிவுகள் வெளியானபோது, முறைகேடு நிகழ்ந்ததென மக்கள் கிளர்ந்தனர். றெதெயெஃப் நகரில் தொடங்கிய அவ்வெழுச்சி பல மாதங்கள் நீடித்து, படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. 2011இன் பின் வந்த அரசுகள் மக்களைச் சாந்தப்படுத்தும் பொருட்டு இக்கம்பனியிலும் அதன் துணை நிறுவனங்களிலும் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்தன. ஆனால் 2010இல் எண்பது இலட்சம் தொன் அளவிலிருந்த உற்பத்தி, தொடர்ந்த ஆண்டுகளில் அரைவாசிக்கும் கீழே இறங்கியது. வேலை வேண்டி மேலும் மறியல்கள் நிகழ்ந்தன. இதிலிருந்து பெறப்படுவது யாது? வேலையை அகற்றுதல் மட்டும் சீர்திருத்தமாகாதது போலவே, உற்பத்தியற்ற வேதனத்தை வழங்குதல் மட்டும் நீதியாகாது. வேலையென்பது ஒருவன் பெறுவது மட்டுமன்று. அவன் சமுதாயத்துக்குக் கொடுப்பதுமாகும்.

ஈண்டு அரபு உலகின் சொந்தச் சிந்தனையாளரொருவரை நினைவுகூர்தல் பொருத்தமானது. 1332இல் துனிஸ் நகரிற் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த இப்னு கல்தூன், தம் ‘முகத்திமா’வில், மனிதன் ஈட்டும் பொருளின் மதிப்பு அவன் உழைப்பிலிருந்தே பிறக்கின்றது என்ற கருத்தை முன்வைத்தார். அரசன் வாணிகத்தில் இறங்குதல் குடிகளுக்குக் கேடு விளைத்து, ஈற்றில் வரி வருவாயையும் அழிக்கும் என்றும் எச்சரித்தார். தனியார்மயமாக்கத்தை ஆதரிப்போர் இப்பகுதியை விரும்பி எடுத்தாளலாம். ஆனால் அதே நூல், குடிகளின் உழைப்பை ஈடின்றிப் பெறுதலையும், அதிகாரத்தின் துணைகொண்டு அவர்தம் பொருளை மலிவாகக் கவர்தலையும் நாகரிக அழிவுக்கு ஏதுவான அநீதிகளெனக் கொள்கின்றது. அரசன் வணிகனாதல் கூடாதாயின், வணிகன் அரசனின் நிழலில் நின்று பொதுச்சொத்தை மலிவாகப் பெறுதலும் கூடாது. அவர் நோக்கில், பொருள் யார் கையில் உள்ளது என்பதைவிட, அக்கை அதிகாரத்தோடு கோத்திருக்கின்றதா என்பதே முதன்மையான வினா.

இவ்விடத்து வாக்குறுதி பற்றிய வினாவும் எழுகின்றது. நிறைவேற்ற இயலாத வாக்கு ஒருவனைக் கட்டுப்படுத்துமா? இயலாததைச் செய்யும் கடமை எவருக்கும் இல்லை என்பது அறவியலின் பழைய விதி. ஆயினும் வாக்கை நிறைவேற்றும் கடமை நீங்கினாலும், வாக்கை நம்பினோர்பாலுள்ள கடமை நீங்குவதில்லை. அரச உத்தியோகத்தை நம்பித் தம் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பெற்றோர் நிலத்தை விற்றிருப்பர். அப்பிள்ளை தன் இளமையின் சிறந்த ஆண்டுகளைக் கொடுத்திருப்பான். மொறோக்கோவில் வேலையற்ற பட்டதாரிகள் 1991இல் ஒரு சங்கம் அமைத்து, ரபாத் நகரில் பாராளுமன்றத்தின் முன் ஆண்டுதோறும் அமர்ந்து போராடியமை வெறும் சலுகைக் கோரிக்கையன்று. தம்மை ஒரு வழியில் அனுப்பியோர் அவ்வழியின் முடிவில் நின்று பதில் கூற வேண்டும் என்ற கோரிக்கையுமாகும். அரசு தன் வாக்கை மாற்றுமாயின், காலத்தோடு அறிவித்தல், மாற்று வழி அமைத்தல், நம்பிக் கெட்டோருக்கு ஈடளித்தல் என்னும் மூன்று கடமைகளும் அதற்கு உண்டு.

வேலையிழப்பு வருமான இழப்பு மட்டுமே எனின், உதவிப்பணம் அதனை நிரப்பிவிடும். அரபுச் சமுதாயங்களில் வேலை இல்லாதவன் வீடு அமைக்கவியலாது, வீடில்லாதவன் மணமுடிக்கவியலாது, மணமுடியாதவன் முதிர்ந்தவனாகக் கணிக்கப்படான். 2010 டிசெம்பர் 17இல் சிடி பூசிட் நகரில் மொகமட் புவாசிசி என்ற தெரு வியாபாரி தன்னுடலுக்குத் தீயிட்டான். அவன் அரச உத்தியோகம் கேட்டவனல்லன். தானே தேடிக்கொண்ட சிறு தொழிலின் பொருள்களும் தராசும் அதிகாரிகளாற் பறிக்கப்பட்டவன். அரசு வேலை தராவிடினும் மக்கள் தாமே முயன்று பிழைக்கலாம் என்ற வாதத்தின் பொய்ம்மையை அவன் முடிவு வெளிப்படுத்தியது. பின்னர் துனீசியத் தெருக்களில் எழுந்த கோஷம் வேலையையும் விடுதலையையும் மானத்தையும் ஒருங்கே கேட்டது. இம்மூன்றும் ஒன்றின் மூன்று பெயர்கள் என்பதை மக்கள் உணர்ந்திருந்தனர்.

வளைகுடா நாடுகளில் பிரச்சினை வேறு வடிவம் கொள்கின்றது. அங்கு குடிமக்கள் அரசதுறையிலும், தனியார் துறையில் பெரும்பாலும் அந்நியத் தொழிலாளரும் பணிபுரிகின்றனர். இலங்கையிலிருந்து சென்ற வீட்டுப் பணிப்பெண்களும் தொழிலாளரும் அவருள் அடங்குவர். தொழில் கொள்வோரின் அநுமதியோடு பிணைக்கப்பட்ட இத்தொழிலாளர் குறைந்த வேதனத்துக்கு உழைக்குமிடத்து, அவ்வேதனத்தில் குடிமகன் சேரான்; அரசும் அவனைச் சேர்க்கவியலாதாயின் அவன் வேலையற்றவனாவான். சவூதி அரேபியா 2011இலிருந்து குடிமக்களைச் சேர்க்குமாறு தனியார் நிறுவனங்களுக்கு விகிதம் வகுத்தது. ஆயினும் அந்நியனின் உரிமையின்மையே குடிமகனின் வேலையின்மைக்கு ஒரு காரணம் என்ற உண்மை விகிதங்களால் மறைவதில்லை. ஒருவனுக்கு மறுக்கப்பட்ட நீதி மற்றொருவனின் இழப்பாகத் திரும்புகின்றது.

இறுதியாக, தீர்மானிப்போர் யாவர் என்ற வினா எஞ்சுகின்றது. எகிப்தில் 2006இல் விற்கப்பட்ட ஒமர் எஃபென்டி என்னும் பழைய விற்பனை நிலையத் தொகுதியும், 2005இல் விற்கப்பட்ட தந்தா சணல் கம்பனியும் 2011இல் நீதிமன்றத் தீர்ப்புகளால் மீண்டும் அரசுக்குரியவாயின. பொதுச்சொத்தின் விற்பனையைப் பற்றி வழக்காட விற்றவனுக்கும் வாங்கினவனுக்கும் அப்பாற்பட்ட குடிமக்களுக்கும் உரிமை உண்டு என்ற கருத்து இத்தகைய வழக்குகளில் உயிர்பெற்றது. ஆனால் 2014ஆம் ஆண்டு 32ஆம் இலக்கச் சட்டம், அரச ஒப்பந்தங்களை எதிர்த்து வழக்காடும் உரிமையை ஒப்பந்தத் தரப்பினருக்குச் சுருக்கியது. முதலீட்டாளரின் நம்பிக்கையைக் காத்தல் இதன் நோக்கமெனப்பட்டது. எனினும் அவ்வாலையிலே வாழ்நாளைச் செலவிட்ட தொழிலாளி, அதன் விற்பனையில் மூன்றாந் தரப்பினன் ஆக்கப்பட்டான். தன் வாழ்வைப் பற்றிய தீர்மானத்தில் ஒருவன் அந்நியனாக்கப்படுதல், வேலையிழப்பினும் ஆழ்ந்த அநீதியாகும்.

1948இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 23ஆம் உறுப்புரை, வேலை செய்யும் உரிமையையும் வேலையின்மைக்கு எதிரான பாதுகாப்பையும் கூறுகின்றது. அதனை உருவாக்கியோருள் லெபனானின் சார்ள்ஸ் மாலிக் ஒருவர். எகிப்து, சிரியா, ஈராக் ஆகியனவும் அதனை ஆதரித்து வாக்களித்தன. இவ்வுரிமை குறிப்பிட்ட ஓர் ஆலையில் குறிப்பிட்ட ஓர் ஆசனத்துக்கான உரிமையன்று. ஆதலால் சீர்திருத்தத்தை அது தடைசெய்யாது. ஆயின் சீர்திருத்தத்தின் ஒழுங்குமுறையை அது வரையறுக்கின்றது. அல்ஜீரியா 1994இலும் பஹ்ரெயின் 2006இலும் வேலையின்மைக் காப்புறுதியை ஏற்படுத்தியமை இவ்வழியில் முதலடி. பஹ்ரெயின் முதன்முறை வேலை தேடுவோருக்கும் உதவியளித்தமை, மூடிய கதவின் வெளியே நிற்போரையும் கணக்கிலெடுத்த செயலாகும்.

ஆகவே அரசா தனியாரா என்ற பழைய வாதத்துள் அறவியல் வினா அடங்கிவிடுவதில்லை. அரசின் கையில் இருந்தபோதும் அநீதி நிகழ்ந்தது. தனியார் கைக்கு மாறியபோதும் நிகழ்ந்தது. விற்பனை விலை வெளிப்படையாயிருந்ததா, நயம் பெற்றோர் நட்டமடைந்தோருக்கு உண்மையாகவே ஈடுசெய்தனரா, புதிய தொழில் தோன்றுமுன் பழைய தொழில் அகற்றப்பட்டதா, பாதிக்கப்படுவோரின் குரல் முன்கூட்டியே கேட்கப்பட்டதா என்னும் நான்கு வினாக்களும் எந்நாட்டுச் சீர்திருத்தத்தின் முன்னும் வைக்கத்தக்கன. இவற்றுக்கு விடை கூறாத சீர்திருத்தம் நாட்டின் கணக்கேட்டைச் சீர்செய்யலாம். நாட்டைச் சீர்திருத்தியதாக அது உரிமை கோர முடியாது.